ஈ மொய்க்காத ரத்தம்

அத்தியாயம் 4

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். துப்பறியும் இளையபெருமாளின் உதவியாளனுக்கு இப்படி ஒரு குறை இருக்கலாமா என்று கேட்காதவர் கிடையாது. கொசுவை அடித்து, அது கையில் ஒட்டிக்கொண்டால்கூட நான் பக்கத்துச் சுவரைத் தேடுவேன். அப்பேர்ப்பட்ட நான், செஞ்சியில் திண்டிவனம் ரோட்டுப் பட்டறையில் நின்ற அந்த நீல வேனின் இடது கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் குளம் கட்டியிருந்த சிவப்பை ஆற அமரப் பார்த்தேன். மயக்கம் வரவில்லை. பசிதான் வந்தது.

“யாரோ வண்டிக்கு ஆரத்தி சுத்தி, வெளிய கொட்டாம உள்ளேயே கொட்டிட்டாங்க போலிருக்கு சார்” என்றேன்.

“கொலை நடந்த இடம் கன்னியப்பா. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு” என்றார் இளையபெருமாள்.

மூடிக்கொண்டேன். ஆனால் நான் சொன்னதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு இதற்கான பெருமையை அவர் எனக்குத் தரவே இல்லை.

விஷயம் இதுதான். வேன் சுந்தரமூர்த்தியுடையது. செஞ்சி வட்டாரத்தில் கல்யாணமோ சாமி ஊர்வலமோ எது நடந்தாலும் அவருடைய மைக் செட்தான் பாடும். வேனைக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழையதாக வாங்கி வந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. குளிருக்கு இதமாக இருக்க, உட்காருபவரின் முழங்காலுக்கு நேரே ஒரு ஹீட்டர் உண்டு. என்ஜினில் சூடாகும் தண்ணீர் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக அந்த ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு வந்து போகும். அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் உள்ளே அரித்து, மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் பீர் முகமது அதைக் கழற்றி ஈயம் வைத்துப் பற்ற வைத்து, நேற்றுச் சாயங்காலம் மறுபடி மாட்டினார்.

அதே சாயங்காலம் “ஐயோ, கொன்னுட்டானே பாவி!” என்று சுந்தரமூர்த்தி அலறியதை எதிர் டீக்கடைக்காரர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சுந்தரமூர்த்தியை ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் வேனுக்குள் இந்தச் சிவப்பும், அதில் ஊறிய அவருடைய துண்டும், ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன.

நேற்று மத்தியானமே இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். “இந்த ஹீட்டர் உன்னை ஒரு நாள் காவு வாங்கும்யா” என்று பீர் முகமது கத்தியதற்குப் பத்து சாட்சி. அலறல் கேட்ட நேரத்தில் தாம் அந்தி நேர மக்ரிப் தொழுகைக்குப் போயிருந்ததாக அவர் சொல்கிறார். வந்தார், ஆனால் தாமதமாக வந்தார் என்று கூடத் தொழுதவர்களே சொல்லிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அரங்கநாதனுக்கு அது போதும். சக்கரக் குளத்தில் ஆள் இறக்கிப் பிணம் தேடிக்கொண்டிருந்தார். நாலு மணி பஸ்ஸில் பீர் முகமதுவைத் திண்டிவனம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்.

இப்போது மணி இரண்டே கால்.

“வெள்ளிக்கிழம எம் பொண்ணுக்கு நிக்காஹ் ஐயா” என்றார் பீர் முகமதுவின் மனைவி ஹுசைன் பீ. எங்களைக் கூப்பிட்டு அனுப்பியவர் அவர்தான். “அத்தா ஜெயில்ல இருந்தா மாப்பிள்ள வூட்டுக்காரங்க நம்ம வாசல மிதிப்பாங்களா? அந்த மனுசன் கோழி அறுக்கக்கூட அடுத்த வூட்டு ஆளத்தான் கூப்புடுவாரு. அவரு போய் கொலை பண்ணாராம்!”

அவர் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்பது போல நின்றார். பட்டறை மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு தகர டப்பாவைத் தூக்கினார்.

“இங்கதான் இருக்குதா! என் சலவை சோடா டப்பா! வண்ணான் வெளுத்துப் போட மாட்டான்னு நானே தோய்க்க வெச்சிருந்தேன். ரேடியேட்டர் கழுவணும்னா இவருக்கு என் டப்பாதான் கண்ணுல படும். நேத்து ரொப்பி வெச்சது, பாருங்க, தூர்ல கெடக்குது.” சட்டென்று நிறுத்தி டப்பாவைக் கீழே வைத்தார். “புருஷன் ஜெயிலுக்குப் போறாரு, நான் சோடாவுக்குச் சண்ட போடறேன். எனக்கு மூள கலங்கிடுச்சு ஐயா.”

“கலங்கலம்மா, தெளிவாத்தான் இருக்கீங்க” என்றார் இளையபெருமாள். அவர் வேனைச் சுற்றி வந்தார். பின் கதவில் சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: ‘மைக்கை ஊதாதே! தட்டாதே! மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். இப்படிக்கு, சுந்தரமூர்த்தி.’

“மாப்பிள்ளை தட்டினாக்கூட நிறுத்திடுவாரு சார்” என்றது ஒரு குரல். வேனின் டிரைவர் துரைக்கண்ணு. முப்பது வயது இருக்கும். சிவப்பை முதலில் பார்த்துப் போலீசுக்கு ஓடியவர் அவர்தான். “போன மாசம் மேல்மலையனூர்ல ஒரு பெரிய மனுசன் பேச வந்தாரு. மைக்க ரெண்டு தட்டு தட்டி, ஃபூன்னு ஊதுனாரு. எங்க மொதலாளி காபி கிளப்புல சாப்டுக்கிட்டு இருந்தவரு, எச்சக்கையோட ஓடியாந்து புடுங்கிட்டாரு.”

“உங்க மொதலாளி எங்கேப்பா?” என்று கேட்டார் இளையபெருமாள்.

“இன்னா சார் என்னைக் கேக்கறீங்க? ரத்தத்தப் பார்த்தவுடனே எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு.”

“பக்கத்துல மைக் செட் கடை பூட்டியிருக்கே, சாவி?”

“அது மொதலாளி இடுப்புலதான் இருக்கும் சார். நேத்து மத்தியானம் அவரே பூட்டுனது. காலைல எஸ்.ஐ. வந்து பூட்ட இழுத்துப் பாத்துட்டுப் போனாரு.”

நான் துரைக்கண்ணுவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

“வீட்டுல நீதான் சமையலா?” என்றேன்.

“ஆங்… ஆமா சார். சம்சாரம் ஊருக்குப் போயிருக்குது.”

அவர் வாய் மூடுவதற்குள் ரோட்டிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது. “யோவ்! சோறு ஆறிப்போவுது. சாப்ட வரியா, இல்ல தூக்கி மாட்டுக்கு வெக்கட்டா?”

“யாருப்பா அது?”

துரைக்கண்ணு ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். “சம்சாரம் சார். ரத்தினம்மா. இப்பதான் ஊர்லேந்து வந்துச்சு போல.”

“ரொம்பச் சுறுசுறுப்பான அம்மா. வந்தவுடனே சோறு வடிச்சு ஆறவும் வச்சிட்டாங்க” என்றேன். துரைக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இளையபெருமாள் பட்டறையின் பின்பக்கம் போனார். நானும் போனேன். பட்டறைக்கும் மைக் செட் கடைக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு சாக்கடை, அதன் கரையில் நாலு வாழை. ஒரு வாழையில் மூன்று இலைகளை அடியோடு அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் பால் வடிந்து கறையாகியிருந்தது; பழைய அறுப்பு இல்லை.

“இங்கே சமைக்கிற வீடு எதுவும் இல்லையே” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். “சாப்பிட அறுக்கறவன் பதமா நுனி இலையைப் பார்த்து அறுப்பான். இவன் கோரைப் பாயாட்டம் முழுசு முழுசா அறுத்திருக்கான்.”

“பந்தியில உக்காராம படுத்துச் சாப்பிடறவனா இருக்கும் சார்.”

அவர் என்னை முறைத்தார். வழக்கமான முறைப்பு இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்ததும் மேஜைமேல் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எங்கள் சார் கனைத்தால் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

“சித்திரை மாசம். செஞ்சிக் கோட்டைப் பாறையில தோசை வார்க்கலாம். இந்த ஊர்ல ஒருத்தன் எதுக்கு ஹீட்டரைப் பழுது பார்க்கணும்? பீர் முகமது என்ன சொல்லியிருக்கார்? ரெண்டு ஹோஸையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டிடலாம், ஹீட்டரே வேண்டாம்னு. அதுக்குத்தானே சண்டை? ஆனா சுந்தரமூர்த்தி ஒத்துக்கல. ஏன்? அவன் குளிரான ஊருக்குப் போகப் போறான். குன்னூர்! ரத்தம் மாதிரி எதையோ கொட்டிட்டு, செத்தவனாட்டம் நடிச்சுட்டு, பஸ் ஏறிட்டான். கன்னியப்பா, குன்னூருக்குத் தந்தி அடி!”

எனக்கே மெய் சிலிர்த்தது. வேனில் போவதற்காகப் பழுது பார்த்தவர், வேனை விட்டுவிட்டு ஏன் பஸ்ஸில் போனார் என்று மட்டும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். புருஷனுக்கு விலங்கு மாட்டியிருக்கும் அந்த நேரத்தில், ஹுசைன் பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

“மன்னிச்சிக்குங்க ஐயா. படிச்சவங்க நீங்க. ஆனா ஹீட்டரு குளுருக்கு இல்ல. சூட்டுக்கு.”

“என்னம்மா சொல்றீங்க?”

“ஊர்வலத்துல வண்டி ஆமையாட்டம் போவும். காத்தே படாது. என்ஜின் கொதிச்சு புஸ்ஸுன்னு ஆவி வுடும். அப்ப இந்த ஹீட்டர தெறந்து வுட்டா, சூடு பாதி உள்ள வந்துடும், என்ஜின் தப்பிச்சுக்கும். உள்ள உக்காந்திருக்கறவன்தான் வேகணும். குன்னூரு டிரைவரு இவருக்குச் சொல்லிக் குடுத்த வித்த. எங்கூட்டுக்காரரு வேணாம்னாரு. ‘அரிச்சுப்போன சாமான், காலு கிட்ட கொதி தண்ணி, ஒரு நாள் காவு வாங்கும்’னு அதுக்குத்தான் சொன்னாரு. அவரு மெரட்டல ஐயா, பயந்தாரு.”

இளையபெருமாள் மேஜையிலிருந்து இறங்கினார். குன்னூர் காற்றோடு போய்விட்டது. எங்கள் சாரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தப்பு என்று தெரிந்தால் அரை நிமிடம்கூடக் கட்டிக்கொண்டு அழமாட்டார்.

வேனின் கதவை மறுபடி திறந்தார். சிவப்புக் குளத்தின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கன்னியப்பா, உனக்கு மயக்கம் வந்ததா?”

“இல்லை சார். வெட்கமா இருக்கு.”

“ஈ?”

“என்ன சார்?”

“ஒரு ஈ மொய்க்குதா பார். காலையிலேருந்து ஜன்னல் திறந்து கிடக்கு, வெயில் கொளுத்துது. டீக்கடையில ஈ, சாக்கடையில ஈ, உன் மூக்கு மேல ஈ. இதுல மட்டும் ஒண்ணுகூட இல்லை. ரத்தமா இருந்தா இந்நேரம் கறுத்துப் போயிருக்கும். இது என்னவோ கல்யாண வீட்டு வாசல் மாதிரி…”

நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆரத்தி என்று நான்தான் முதலில் சொன்னேன் என்பதை அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

“துரைக்கண்ணு!” என்று கூப்பிட்டார். “ரேடியேட்டர்ல எவ்வளவு மஞ்சத்தூள் போட்டே?”

ரத்தினம்மாள் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குள்ளேயே வந்திருந்தார். துரைக்கண்ணு அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

“ரெண்டு பொட்டலம் சார். எல்லா லாரிக்காரனும் போடறதுதான். ஒழுகற ஓட்டைய மஞ்சத்தூளு போய் அடைச்சுக்கும். போன வருசம் நான் போட்டு ரேடியேட்டரே அடைச்சுக்கிச்சு. இன்னொரு வாட்டி மஞ்சத்தூளப் பாத்தேன்னா வேலைய வுட்டுத் தொரத்திடுவேன்னாரு மொதலாளி. நேத்து ஹீட்டர மாட்டுனவுடனே பாய்க்குத் தெரியாம போட்டேன், எதுக்கும் இருக்கட்டுமேன்னு. மீதிப் பொட்டலம் சீட்டுக்கு அடியில கீது.”

“அடப்பாவி மனுசா! என் அஞ்சறைப்பெட்டி மஞ்சத்தூளா?” என்றார் ரத்தினம்மாள்.

“அது தெரியாம பாய் வந்து உள்ளே கழுவறதுக்கு அம்மாவோட சலவை சோடாவைக் கொட்டிட்டுத்தான் தொழுகைக்குத் தாமதமாப் போனார்” என்று இளையபெருமாள் ஹுசைன் பீ பக்கம் திரும்பினார். “ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. சோடா சும்மா இருக்குமா? ஈயம் படாம, மஞ்சள் அடைச்சு வச்ச பொடி ஓட்டையை எல்லாம் சுத்தமாக் கழுவித் திறந்துவிட்டது. மஞ்சளும், சோடா, சுண்ணாம்பு மாதிரி காரமும் சேர்ந்தா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுல எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சொல்லுவா.”

“செவந்து போவும்” என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில்.

மணி மூன்றே முக்கால். எதிரே பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு அரங்கநாதன் வந்துவிட்டார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், அவரோடு விலங்கில் பீர் முகமது. ஈயப்புகையில் கறுத்த விரல்கள், மூன்று நாள் தாடி. மனைவியைப் பார்த்ததும், “நிக்காஹ தள்ளிப் போட்டுடாத. மச்சான நிக்கவெச்சி நடத்திடு” என்றார்.

“வாய மூடுங்க. நீங்க வந்து நடத்துங்க” என்றார் ஹுசைன் பீ.

அரங்கநாதன் கெட்டவர் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே இளையபெருமாள் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, “மஞ்சளா?” என்றார்.

“உங்க சுண்ணாம்பு டப்பாவைக் கொடுங்க. உள்ளங்கையைக் காட்டுங்க.”

அவர் உள்ளங்கையில் துரைக்கண்ணுவின் மஞ்சளைத் தூவி, துளி தண்ணீர் விட்டு, சுண்ணாம்பைத் தொட்டுக் குழைத்தார் எங்கள் சார். அரசாங்க உள்ளங்கை செக்கச்செவேலென்று சிவந்தது. கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்து, “ஆரத்தி சார்!” என்றார். நான் வந்ததிலிருந்து தொண்டை கிழியச் சொன்னது இவர் வாயில் வந்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அரங்கநாதன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “சரிய்யா. ரத்தம் இல்ல, ஒத்துக்கறேன். ஆளு எங்க? அலறுனது யாரு? மஞ்சத்தண்ணியா அலறுச்சு? ஆள உயிரோட காட்டுங்க, வுட்டுடறேன். இல்லன்னா பஸ்ஸு வந்துடுச்சு.”

வந்தேவிட்டது. கொத்தமங்கலம் வளைவில் ஹாரன் கேட்டது. பீர் முகமது கீழே கிடந்த துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

இளையபெருமாள் என் தோளில் கை போட்டார். “கன்னியப்பா, வேன்ல ஏறு. துரைக்கண்ணு பேட்டரியை மாட்டிக் கொடுப்பான். மைக்கை எடு.”

“எடுத்து?”

“ஊது. தட்டு.”

வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் செய்த துப்பறியும் வேலை அது ஒன்றுதான். வேன்மேல் இருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஊரைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தன. முதலில் நடுவிரலை மடக்கி டொக், டொக், டொக் என்று தட்டினேன். பிறகு மூச்சை இழுத்து, ஃபூ… ஃபூ… என்று ஊதினேன். புளியமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிவிட்டன. பஸ் வந்து நின்று கதவு திறந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. கான்ஸ்டபிள் பீர் முகமதுவின் முதுகில் கை வைத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மைக்கை வாயோடு வைத்துக்கொண்டேன்.

“அன்பார்ந்த செஞ்சி வாழ் பெருமக்களே! சுந்தரமூர்த்தி மைக் செட்டில் இன்று முதல் யார் வேண்டுமானாலும் ஊதலாம்! தட்டலாம்! குழந்தைகள் கடிக்கலாம்! ஃபூ! ஃபூ! ஃபூ!”

மைக் செட் கடையின் பின்பக்கம் ஒரு கதவு படாரென்று திறந்தது.

“எவன்டா அவன் என் மைக்குல எச்சி துப்பறது!”

சாக்கடையைத் தாண்டி, கால்களை அகட்டி அகட்டி வைத்து ஓர் ஆள் ஓடி வந்தார். மேலே பனியன். இடுப்பிலிருந்து முழங்கால்வரை வாழை இலை. இலைமேல் இலை வைத்து, மைக் வயரால் சுற்றிக் கட்டியிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக எழுந்து வந்து எட்டிப் பார்த்ததில் பஸ்ஸே சாய்ந்தது.

சுந்தரமூர்த்தி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார்.

“உயிரோட இருக்கியாய்யா?” என்றார் அரங்கநாதன்.

“இதுக்குப் பேரு உயிரா சார்? நேத்து என்ஜின ஓட வுட்டு, ஹீட்டரத் தெறந்து, வேல செய்யுதான்னு உக்காந்து பாத்தேன். கொதிக்கக் கொதிக்க மடியிலேயே ஊத்திடுச்சு. அலறி அடிச்சிக்கிட்டுக் கடைப் பின் கதவு வழியா உள்ள போனவன்தான். வேட்டி கட்ட முடியல, எழுந்து நிக்க முடியல. வெந்த புண்ணுக்கு வாழ எலைய அறுத்துப் போட்டு அதுலயே கெடக்கறேன்.”

“காலையில போலீஸ் வந்து உன் கடைப் பூட்டை ஆட்டினது கேக்கலியா?” என்றார் இளையபெருமாள்.

“கேட்டுது. பாய புடிச்சிக்கிட்டுப் போறாங்கன்னும் கேட்டுது. என் தொடைய வேக வெச்சதுக்குத்தான் புடிக்கறாங்க, நல்லா வேணும்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். நான் செத்துட்டேன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே!”

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விலங்கைத் திறந்தார். பீர் முகமது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சுந்தரமூர்த்தியின் இலைகளை மேலும் கீழும் பார்த்தார். “ஹோஸ ரெண்டையும் சேத்துக் கட்டிடலாம்னு சொன்னேனா இல்லியா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஹுசைன் பீ அப்போதுதான் அழுதார். ரோடு என்றும் பார்க்கவில்லை, பஸ் என்றும் பார்க்கவில்லை. புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே என் சோடா டப்பாவத் தொட்டீங்க…” என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவே இல்லை. பஸ் அவர்களை ஏற்றாமல் திண்டிவனம் போயிற்று.

“வெள்ளிக்கிழம நம்ம மைக்குதான் பாய்” என்றார் சுந்தரமூர்த்தி, தலையைக் குனிந்துகொண்டு. “வண்டியில ஹீட்டரு இருக்காது.” எஸ்.ஐ.யின் சிவந்த உள்ளங்கையும் மஞ்சள் பொட்டலமும் கண்ணில் பட்டதும் தலை நிமிர்ந்தது. “டேய் துரைக்கண்ணு! ரேடியேட்டர்ல மஞ்சள் எப்படிடா வந்துது?”

துரைக்கண்ணு நழுவிச் சம்சாரத்தின் பின்னால் போனார். ரத்தினம்மாள் கெட்டிக்காரி. மீதி மஞ்சளையும் எஸ்.ஐ.யின் சுண்ணாம்பையும் தூக்கு மூடியில் கரைத்துத் தயாராக வைத்திருந்தார். “செத்துப் பொழச்சு வந்திருக்கீங்க, கண்ணு பட்டிருக்கும், அப்படியே நில்லுங்க மொதலாளி” என்று அந்தச் சிவப்புத் தண்ணீரோடு கிட்டே போனார்.

“ஐயையோ, கிட்ட வராத!” என்று சுந்தரமூர்த்தி துள்ளினார். துள்ளியதில் வேன் கதவில் கை இடித்துக்கொண்டது. “போச்சு! நேத்து எல அறுக்கும்போது கத்தி பட்ட வெரலு. மறுபடி பொளந்துக்கிச்சு பாரு” என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

விரல் நுனியில் ஒரு பொட்டு. கடுகளவுதான் இருக்கும்.

புளியமரம் மெதுவாகச் சாய்ந்தது. கண் இருட்டுவதற்கு முன்னால், எஸ்.ஐ. அரங்கநாதன் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

“கான்ஸ்டபிள், எழுதிக்குங்க. இதுதான்யா ரத்தம்.”